பிரிட்டிஷ் அரசியல் சொற்கள்: பெயர் யாரிடம், அதிகாரம் யாரிடம்? ஒரு முழு வழிகாட்டி

லண்டன் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்களும், அங்கே குடியேறிக் குடியுரிமைத் தேர்வுக்குத் தயாராகிறவர்களும் வழக்கமாக ஒரு சொற்பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு வரிசையாக மனப்பாடம் செய்கிறார்கள். அது மனதில் நிற்பதில்லை. லார்ட் பிரிவி சீல் என்ற பதவியில் இருப்பவர் பிரபுவாக இருக்க வேண்டியதில்லை. பெர்மனென்ட் செக்ரட்டரி அமைச்சர் கிடையாது. ஹோம் செக்ரட்டரி அமைச்சர். அரசரின் உரையில் அரசர் எழுதிய வரி ஒன்றுகூட இருக்காது.

இதற்குக் காரணம் இருக்கிறது. பிரிட்டன் ஒரே நாளில் உட்கார்ந்து தனக்கு ஓர் அரசியல் சாசனம் எழுதிக்கொண்ட நாடு இல்லை. எண்ணூறு ஆண்டுகளாக அரசரும் பிரபுக்களும் மக்களும் சண்டை போட்டு, ஒவ்வொரு சண்டையையும் ஒரு சமரசத்தில் முடித்தார்கள். பெரும்பாலும் பழைய பெயரை அப்படியே விட்டுவிட்டு, அதிகாரத்தை மட்டும் வேறு கைக்கு மாற்றினார்கள். அதனால் எந்தச் சொல்லைப் பார்த்தாலும் இரண்டு கேள்விகள் கேளுங்கள். இது யார் பெயரில் நடக்கிறது? உண்மையில் முடிவெடுப்பது யார்? கீழே உள்ள படிகளை அந்த இரண்டு கேள்விகளோடு, இதே வரிசையில் கடந்து வாருங்கள்.

படி 1: எந்த நாட்டைப் பற்றிப் பேசுகிறோம்?

இங்கிலாந்து, கிரேட் பிரிட்டன், ஐக்கிய ராஜ்ஜியம் மூன்றும் ஒன்றல்ல. இங்கிலாந்து ஒரு நாடு. அதோடு ஸ்காட்லாந்தையும் வேல்ஸையும் சேர்த்தால் கிரேட் பிரிட்டன். அதோடு வட அயர்லாந்தும் சேர்ந்தால் ஐக்கிய ராஜ்ஜியம். வேல்ஸை எட்டாம் ஹென்றி காலத்தில், 1536, 1542 சட்டங்கள் வழியாக இங்கிலாந்தோடு இணைத்தார்கள். ஸ்காட்லாந்து 1707-ல் ஒன்றியச் சட்டங்களின் மூலம் சேர்ந்தது. அயர்லாந்து 1801-ல் சேர்க்கப்பட்டு, 1922-ல் அதன் பெரும்பகுதி பிரிந்து போனது. வடகிழக்கில் இருந்த ஆறு மாவட்டங்கள் மட்டும் தங்கின.

'அதிகாரப் பகிர்வு' என்ற சொல் 1990களின் இறுதியில் வந்த மாற்றத்தைக் குறிக்கிறது. ஸ்காட்லாந்து நாடாளுமன்றமும், வேல்ஸில் இன்று செனெத் (Senedd) எனப்படும் சபையும் 1999-ல் வேலையைத் தொடங்கின. வட அயர்லாந்தின் ஸ்டார்மான்ட் சபை 1998-ன் புனித வெள்ளி ஒப்பந்தத்தில் பிறந்தது. கல்வி, சுகாதாரம் போன்றவை இவர்கள் கையில். பாதுகாப்பு, வெளியுறவு, குடிவரவு வெஸ்ட்மின்ஸ்டர், அதாவது லண்டன் நாடாளுமன்றத்தின் கையில். இங்கிலாந்துக்கு என்று தனி நாடாளுமன்றம் கிடையாது. ஆகவே லண்டனில் சுகாதார அமைச்சர் அறிவிக்கும் மருத்துவமனைத் திட்டம் கிளாஸ்கோவில் இருப்பவருக்குப் பொருந்தாமல் போகலாம்.

இங்கே இன்னும் இரண்டு சொற்களைக் கவனமாகப் பிரிக்க வேண்டும். ஜெர்சி, குர்ன்சி, மான் தீவு ஆகியவை 'கிரவுன் சார்பு நிலங்கள்'. ஜிப்ரால்டர் போன்றவை 'கடல்கடந்த ஆட்சிப்புலங்கள்'. இரண்டுமே ஐக்கிய ராஜ்ஜியத்தின் பகுதி அல்ல. இது தேர்வுக்கு மட்டும் உதவும் விவரம் என்று நினைத்துவிடாதீர்கள். 2021-ல் படகில் புறப்பட்ட இலங்கைத் தமிழர்கள் சிலர் இந்தியப் பெருங்கடலில் உள்ள டியேகோ கார்சியா தீவில் கொண்டுசேர்க்கப்பட்டார்கள். அது பிரிட்டிஷ் ஆட்சிப்புலம். ஆனால் அகதிகள் உடன்படிக்கை அந்தப் புலத்துக்கு நீட்டிக்கப்படவில்லை என்று பிரிட்டிஷ் அரசு வாதிட்டது. குழந்தைகள் உட்படப் பலர் வேலியிட்ட கூடார முகாமில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் கிடந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் 2024 டிசம்பரில்தான் பிரிட்டனுக்கு அழைத்துவரப்பட்டார்கள். அவர்களைத் தடுத்து வைத்திருந்தது சட்டவிரோதம் என்று அந்தப் புலத்தின் நீதிமன்றம் அதே மாதம் தீர்ப்பளித்தது. 'பிரிட்டிஷ் மண்' என்பதும் 'ஐக்கிய ராஜ்ஜியத்தின் மண்' என்பதும் வேறு வேறு என்ற அந்த ஒரு வேறுபாட்டுக்குள் அத்தனை பேரின் மூன்று வருட வாழ்க்கை சிக்கிக்கொண்டது.

படி 2: அரசரும் கிரவுனும்

'அரசர்' ஒரு மனிதர். இப்போது மூன்றாம் சார்லஸ். 'கிரவுன்' என்பது அரசு என்ற சட்ட உருவம். குற்ற வழக்குகள் கிரவுன் பெயரில் நடக்கின்றன, அமைச்சர்கள் கிரவுனின் அமைச்சர்கள், எதிர்க்கட்சிகூட 'மாட்சிமை தாங்கிய மன்னரின் விசுவாசமான எதிர்க்கட்சி'. இவை எதிலும் அரசரின் சொந்த விருப்பத்துக்கு இடமில்லை.

'ராஜ தனியுரிமை' என்பது நாடாளுமன்றத்தைக் கேட்காமல் அரசர் செய்யக்கூடியதாக முன்பு இருந்த செயல்களின் மிச்சம்: போர் அறிவிப்பது, ஒப்பந்தம் போடுவது, பிரதமரை நியமிப்பது, நாடாளுமன்றக் கூட்டத்தொடரை முடித்து வைப்பது. பெயர் அரசருடையது, செய்வது பிரதமரும் அமைச்சர்களும். 2019-ல் பிரெக்ஸிட் (ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகுவது) சண்டையின் உச்சத்தில் பிரதமர் போரிஸ் ஜான்சன் இந்த உரிமையைப் பயன்படுத்தி, அரசி எலிசபெத்துக்கு ஆலோசனை சொல்லி, நாடாளுமன்றத்தை ஐந்து வாரம் முடக்கினார். அரசியால் மறுக்க முடியவில்லை. மறுப்பது மரபு இல்லை. செப்டம்பர் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமனதாக அந்த முடக்கம் செல்லாது என்றார்கள்.

'ராஜ ஒப்புதல்' இல்லாமல் எந்த மசோதாவும் சட்டமாகாது. ஆனால் கடைசியாக ஒப்புதல் மறுக்கப்பட்டது 1708-ல், அரசி ஆன் காலத்தில், ஸ்காட்லாந்துப் படை மசோதாவுக்கு. அதற்குப் பிறகு மறுப்பே இல்லை.

'பிரிவி கவுன்சில்' என்ற பெயரைத் தமிழ்நாட்டில் பழைய குடும்பங்களில் கேட்டிருப்பீர்கள். சொத்துத் தகராறு என்றால் 'பிரிவி கவுன்சில் வரை போய்ப் பார்த்துவிடுவேன்' என்று சவால் விடும் காலம் இருந்தது. அரசருக்கு ஆலோசனை சொல்லும் பழைய மன்றம் இது. இதன் நீதிக்குழுதான் காலனி நாடுகளின் கடைசி மேல்முறையீட்டு மன்றம். ராமநாதபுரம் ஜமீனில் கணவரை இழந்த ராணி தத்தெடுத்தது செல்லுமா என்ற வழக்கை 1868-ல் தீர்த்தது இந்தக் குழுதான். இந்து சட்டம் படிப்பவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். இந்தியாவிலிருந்து மேல்முறையீடு அங்கே போவது 1949-ல் நின்றது. இன்று அமைச்சரவை உறுப்பினர்கள் எல்லோரும் பிரிவி கவுன்சிலர்கள். அவர்கள் பெயருக்கு முன் வரும் 'ரைட் ஆனரபிள்' என்ற அடைமொழி அதிலிருந்து வருகிறது.

படி 3: ஒரே புத்தகமாக இல்லாத சாசனம்

பிரிட்டனுக்கு 'எழுதப்படாத அரசியல் சாசனம்' என்பார்கள். அது பாதி உண்மை. நிறையவே எழுதப்பட்டிருக்கிறது, ஒரே ஆவணமாகத் தொகுக்கப்படவில்லை, அவ்வளவுதான். மூன்று ஆண்டுகளை நினைவில் வையுங்கள்.

1215: மாக்னா கார்ட்டா. ரன்னிமீட் என்ற இடத்தில் பிரபுக்கள் ஜான் மன்னரைக் கட்டாயப்படுத்தி முத்திரை வைக்கச் செய்த உடன்படிக்கை. அது மக்களுக்காக எழுதப்பட்டதல்ல, பிரபுக்களின் சொத்தைக் காக்க எழுதப்பட்டது. ஆனாலும் அரசரும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர் என்ற எண்ணம் அதில் நுழைந்துவிட்டது.

1689: உரிமைகள் மசோதா. முதலாம் சார்லஸ் நாடாளுமன்றத்தோடு போரிட்டுத் தோற்று 1649-ல் தலை வெட்டப்பட்டார். நாடாளுமன்றப் படைத்தலைவர் கிராம்வெல் தலைமையில் அரசரில்லாத ஆட்சி சில காலம் நடந்தது. 1660-ல் அரச வம்சம் திரும்பியது. 1688-ல் இரண்டாம் ஜேம்ஸ் விரட்டப்பட்டு வில்லியமும் மேரியும் அழைக்கப்பட்டார்கள். இதைத்தான் 'மாண்புமிகு புரட்சி' என்கிறார்கள். அடுத்த ஆண்டு வந்த இந்தச் சட்டம், நாடாளுமன்ற ஒப்புதல் இல்லாமல் வரி போடவோ சட்டத்தை நிறுத்திவைக்கவோ அரசரால் முடியாது என்று அடித்துச் சொன்னது. சபைக்குள் பேசியதற்காக உறுப்பினர்மேல் வழக்குப் போட முடியாது என்ற 'நாடாளுமன்றச் சிறப்புரிமை' இதில் நிற்கிறது.

1701: வாரிசுரிமைச் சட்டம். யார் அரசராகலாம் என்பதைக்கூட நாடாளுமன்றமே முடிவு செய்யும் என்ற நிலை வந்தது.

இவற்றுக்கு நடுவே உள்ள இடைவெளியை நிரப்புவது 'மரபு'. மக்கள் தேர்ந்தெடுக்கும் காமன்ஸ் சபையில் பெரும்பான்மை உள்ளவரைத்தான் அரசர் பிரதமராக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மரபு சொல்கிறது, எல்லோரும் கட்டுப்படுகிறார்கள். கட்டுப்படாதவர் வந்தால் என்ன ஆகும் என்பதுதான் இந்த முறையின் பலவீனம் என்று நினைக்கிறேன். 2019 அதைக் காட்டியது.

இந்த எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது 'நாடாளுமன்ற இறையாண்மை'. இந்தியாவில் ஒரு சட்டம் சாசனத்துக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்ய முடியும். பிரிட்டனில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை எந்த நீதிமன்றமும் ரத்து செய்ய முடியாது. 1998-ன் மனித உரிமைச் சட்டத்தோடு இது ஒத்துப்போகவில்லை என்று அறிவிக்கலாம். சட்டம் தொடர்ந்து செல்லும். புகலிடம் கேட்டு வருபவர்களை ருவாண்டாவுக்கு அனுப்பும் திட்டம் சட்டவிரோதம், அந்த நாடு அவர்களுக்குப் பாதுகாப்பானதல்ல என்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ரிஷி சுனக் அரசு என்ன செய்தது? ருவாண்டா பாதுகாப்பான நாடு என்று 2024 ஏப்ரலில் ஒரு சட்டத்தையே நிறைவேற்றியது. நீதிமன்றம் உண்மை என்று கண்டறிந்த ஒன்றை ஒரு வாக்கெடுப்பு மாற்றியது. அந்தத் திட்டத்தை ஜூலையில் வந்த புதிய அரசு கைவிட்டது வேறு கதை. இறையாண்மை என்ற சொல்லின் கூர்மை தெரிய இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

படி 4: இரண்டு சபைகள்

காமன்ஸ் சபையில் 650 பேர், எல்லோரும் தேர்தலில் வென்றவர்கள், இருக்கைகள் பச்சை. பிரபுக்கள் சபையில் யாரும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அல்ல, இருக்கைகள் சிவப்பு. தொலைக்காட்சியில் பார்க்கும்போது நிறத்தை வைத்தே எந்தச் சபை என்று சொல்லிவிடலாம்.

பிரபுக்களில் பெரும்பாலோர் 'வாழ்நாள் பிரபுக்கள்'. 1958 சட்டத்தின்படி நியமிக்கப்படுபவர்கள்; பட்டம் பிள்ளைகளுக்குப் போகாது. இங்கிலாந்துத் திருச்சபையின் 26 ஆயர்களும் அங்கே உட்காருகிறார்கள். பிறப்பாலேயே இடம் பெற்ற 'பரம்பரைப் பிரபுக்கள்' நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். டோனி பிளேர் அரசு 1999-ல் அவர்களை வெளியேற்றியபோது சமரசமாக 92 இடங்களை மட்டும் விட்டுவைத்தது. அதையும் நீக்கும் மசோதாவை 2024-ல் வந்த தொழிற்கட்சி அரசு கொண்டுவந்தது.

தேர்ந்தெடுக்கப்படாத சபை எப்படி அடங்கியிருக்கிறது? 1909-ல் நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் பணக்காரர்கள்மேல் வரி போட்டு ஒரு பட்ஜெட் கொண்டுவந்தார். பிரபுக்கள் அதைத் தோற்கடித்தார்கள். 1910-ல் இரண்டு பொதுத்தேர்தல்கள் நடந்தன. புதிதாக நூற்றுக்கணக்கில் பிரபுக்களை நியமித்துச் சபையை நிரப்பிவிடுவோம் என்ற மிரட்டலுக்குப் பணிந்துதான் 1911 நாடாளுமன்றச் சட்டத்தை ஏற்றார்கள். அதன்படி நிதி மசோதாவை ஒரு மாதம்தான் தாமதப்படுத்தலாம். மற்றவற்றை இரண்டு ஆண்டு. 1949-ல் அது ஓராண்டாகச் சுருங்கியது. நரிவேட்டைக்குத் தடை போட்ட 2004 சட்டம் பிரபுக்கள் சம்மதிக்காமலேயே இந்த வழியில் நிறைவேறியதுதான். ஆளுங்கட்சி தன் தேர்தல் அறிக்கையில் சொன்ன திட்டத்தைப் பிரபுக்கள் தடுக்கமாட்டார்கள் என்பது 'சாலிஸ்பரி மரபு'.

'பிளாக் ராட்' என்ற பெயர் ஆண்டுக்கு ஒருமுறை செய்தியில் வரும். கூட்டத்தொடர் தொடங்கும் நாளில் அரசர் பிரபுக்கள் சபையில் அமர்ந்து, காமன்ஸ் உறுப்பினர்களை அழைத்துவர இந்த அதிகாரியை அனுப்புவார். அவர் நெருங்கும்போது காமன்ஸ் கதவை முகத்துக்கு நேராகச் சாத்துவார்கள். கறுப்புக் கோலால் மூன்று தட்டுத் தட்டிய பிறகே திறப்பார்கள். 1642 ஜனவரியில் முதலாம் சார்லஸ் படைவீரர்களோடு சபைக்குள் நுழைந்து ஐந்து உறுப்பினர்களைக் கைது செய்யப் பார்த்தார். அவர்கள் எங்கே என்று கேட்டபோது சபாநாயகர் லென்தால், இந்தச் சபை பணிப்பதைத் தவிர வேறு எதையும் பார்க்கத் தனக்குக் கண்ணுமில்லை, பேச நாவுமில்லை என்று மண்டியிட்டபடியே பதில் சொன்னார். அதற்குப் பிறகு எந்த அரசரும் அந்தச் சபைக்குள் நுழைந்ததில்லை. அரசர் வாசிக்கும் உரையை எழுதுவது அமைச்சரவை. நம்மூர் ஆளுநர் உரைக்கும் இதுதான் மூலம்.

படி 5: 'செக்ரட்டரி', 'சான்சலர்' குழப்பம்

இந்திய, இலங்கை வாசகர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். நமக்குச் செயலாளர் என்றால் அதிகாரி. பிரிட்டனில் 'செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்' என்பவர் ஒரு துறையின் கேபினட் அமைச்சர். 'மினிஸ்டர் ஆஃப் ஸ்டேட்' அவருக்கு அடுத்த நிலை. 'பார்லிமென்டரி அண்டர் செக்ரட்டரி' அமைச்சர்களில் கடைசி நிலை. 'பார்லிமென்டரி பிரைவேட் செக்ரட்டரி' அமைச்சரே அல்ல. ஓர் அமைச்சருக்குச் சம்பளமில்லாமல் உதவும் எம்.பி. 'பெர்மனென்ட் செக்ரட்டரி'தான் நாம் நினைக்கும் செயலாளர்: கட்சி சாராத, ஆட்சி மாறினாலும் தொடரும் துறைத் தலைமை அதிகாரி. தகுதித் தேர்வு வழியாக அதிகாரிகளை எடுக்க வேண்டும் என்று 1854-ல் நார்த்கோட், டிரெவெல்யன் இருவரும் அறிக்கை தந்தார்கள். அடுத்த ஆண்டே இந்திய சிவில் சர்வீஸுக்குப் போட்டித் தேர்வு லண்டனில் நடந்தது. ஐ.ஏ.எஸ். தேர்வின் வேர் அங்கே இருக்கிறது.

சான்சலரும் அப்படித்தான். வெறுமனே 'சான்சலர்' என்றால் நிதியமைச்சர். டவுனிங் தெரு 11-ல் இருப்பவர். 'லார்ட் சான்சலர்' நீதித்துறை அமைச்சர். 'லங்காஸ்டர் டச்சியின் சான்சலர்' என்பது பெரும்பாலும் பிரதமருக்கு நெருக்கமான, குறிப்பிட்ட துறை இல்லாத மூத்த அமைச்சருக்குத் தரும் பதவி.

பிரதமர் என்ற பதவியை உருவாக்கிய சட்டம் என்று ஒன்று கிடையாது. 1721 முதல் கருவூலத்தைக் கையில் வைத்திருந்த ராபர்ட் வால்போலை முதல் பிரதமர் என்கிறோம். இன்றும் டவுனிங் தெரு 10-ன் கதவில் 'கருவூலத்தின் முதல் பிரபு' என்றுதான் பொறித்திருக்கிறது.

'கூட்டுப் பொறுப்பு': கேபினட்டுக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடலாம், முடிவு எடுத்தபின் வெளியே ஒரே குரல், முடியாவிட்டால் ராஜினாமா. 'நிழல் அமைச்சரவை': எதிர்க்கட்சி ஒவ்வொரு துறைக்கும் ஓர் ஆளை எதிரே நிறுத்துவது. அமைச்சர்களும் நிழல் அமைச்சர்களும் முன்வரிசை, மற்ற எம்.பி.க்கள் பின்வரிசை. பிரபுக்கள் சபையில் எந்தக் கட்சியும் சேராதவர்கள் 'குறுக்கு வரிசை'.

படி 6: கொறடாவும் வாக்கெடுப்பும்

கொறடா என்ற சொல் நமக்குப் பழக்கமானது. பிரிட்டனில் கொறடா அனுப்பும் வாராந்திரக் கடிதத்துக்கும் அதே பெயர்தான். முக்கியமான வாக்கெடுப்பை மூன்று முறை அடிக்கோடிட்டு அனுப்புவதால் 'மூன்று கோடு கொறடா' என்று பெயர்: கட்டாயம் வரவேண்டும், கட்சி சொன்னபடி வாக்களிக்க வேண்டும். மீறினால் எம்.பி. பதவி போகாது. அங்கே கட்சித் தாவல் தடைச் சட்டம் இல்லை. நடக்கக்கூடியது 'கொறடா திரும்பப் பெறப்பட்டது' என்பது. கட்சியின் நாடாளுமன்றக் குழுவிலிருந்து நீக்கம் என்று பொருள். 2019 செப்டம்பரில் பிரெக்ஸிட் வாக்கெடுப்பில் எதிர்த்து நின்ற 21 பேரை ஜான்சன் ஒரே இரவில் இப்படி நீக்கினார். அவர்களில் முன்னாள் நிதியமைச்சர்களும், சர்ச்சிலின் பேரனும் இருந்தார்கள். எல்லோரும் எம்.பி.யாகவே தொடர்ந்தார்கள். எதிர்வரிசைக்குப் போவதை 'தளம் கடப்பது' என்பார்கள். சர்ச்சிலே 1904-ல் அப்படித் தளம் கடந்தவர்தான்.

வாக்கெடுப்புக்கு 'டிவிஷன்' என்று பெயர். மணி அடிக்கும். எட்டு நிமிடத்துக்குள் உறுப்பினர்கள் ஆம் கூடம், இல்லை கூடம் என்ற இரண்டில் ஒன்றின் வழியாக நடந்து போக வேண்டும். 1979 மார்ச் 28 அன்று ஜேம்ஸ் கலகன் அரசு நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் 311-க்கு 310 என்று ஒரே ஓட்டில் விழுந்தது. அடுத்து வந்த தேர்தல்தான் மார்கரெட் தாட்சரைக் கொண்டுவந்தது.

எம்.பி. ராஜினாமா செய்ய முடியாது என்ற விசித்திரமும் தெரிந்திருக்கட்டும். 1624-ல் சபை எடுத்த முடிவு அது. விலக விரும்புகிறவரை 'சில்டர்ன் ஹண்ட்ரட்ஸ்' என்ற, வேலையே இல்லாத கிரவுன் பதவிக்கு நியமிப்பார்கள். ஆதாயம் தரும் அரசுப் பதவி வகிப்பவர் உறுப்பினராக இருக்கக்கூடாது என்பதால் இடம் தானாகக் காலியாகிவிடும்.

படி 7: மசோதா சட்டமாகும் வழி

முதலில் அரசு யோசனையை 'பச்சை அறிக்கை'யாக வைத்துக் கருத்துக் கேட்கும். முடிவான திட்டம் 'வெள்ளை அறிக்கை'யாக வரும். அப்புறம் மசோதா. முதல் வாசிப்பு வெறும் தலைப்பு வாசிப்பு. இரண்டாம் வாசிப்பில்தான் கொள்கை மீதான உண்மையான விவாதமும் வாக்கெடுப்பும். குழு நிலையில் வரி வரியாக அலசுவார்கள். அறிக்கை நிலையில் மறுபடி சபை திருத்தும். மூன்றாம் வாசிப்போடு அடுத்த சபைக்குப் போகும். இரு சபைகளும் ஒத்துப்போகாவிட்டால் மசோதா இங்கும் அங்கும் போய்வரும். அதற்கு 'பிங்-பாங்' என்று பெயர். பின்னர் ராஜ ஒப்புதல். செய்தியில் 'இரண்டாம் வாசிப்பில் தப்பியது' என்று படித்தால் சட்டம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பாதி வழிகூட ஆகவில்லை.

படி 8: தேர்தல் சொற்கள்

முறை நமக்குத் தெரிந்ததுதான்: தொகுதியில் அதிக வாக்கு பெற்றவர் வெற்றி. 2024 ஜூலை 4 தேர்தலில் இதன் விளைவைப் பாருங்கள். கீர் ஸ்டார்மரின் தொழிற்கட்சி 34 சதவீதத்துக்குச் சற்றே குறைவான வாக்கில் 411 இடம் வென்றது. ரிஃபார்ம் யு.கே. கட்சி 14 சதவீதத்துக்கு மேல் வாங்கி 5 இடம். லிபரல் டெமாக்ரட்ஸ் 12 சதவீதத்தில் 72 இடம்; அவர்கள் வாக்கு சில தொகுதிகளில் குவிந்திருந்தது, ரிஃபார்மின் வாக்கு நாடெங்கும் சிதறியிருந்தது. முறையை மாற்றலாமா என்று 2011-ல் பொது வாக்கெடுப்பு வைத்தார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வேண்டாம் என்றார்கள்.

'தொங்கு நாடாளுமன்றம்' 2010-லும் 2017-லும் வந்தது. முதல்முறை கன்சர்வேட்டிவ் தலைவர் கேமரனும் லிபரல் டெமாக்ரட் தலைவர் நிக் கிளெக்கும் கூட்டணி அரசு அமைத்தார்கள். இரண்டாம் முறை தெரசா மே, வட அயர்லாந்தின் டி.யு.பி. கட்சியிடமிருந்து 'நம்பிக்கையும் நிதியும்' என்ற வகை ஆதரவு வாங்கினார்: நம்பிக்கை வாக்கிலும் பட்ஜெட்டிலும் மட்டும் ஆதரவு, அமைச்சர் பதவி கிடையாது. ஐந்தாண்டுக்குள் தேர்தல் வரவேண்டும். எப்போது என்பதைப் பிரதமர் முடிவு செய்கிறார். இடையில் பிரதமர் மாறினால் தேர்தல் தேவையில்லை. 2022-ல் ஜான்சன், லிஸ் டிரஸ், சுனக் என்று மூன்று பேர் மாறினார்கள், ஒரு பொதுத்தேர்தலும் நடக்கவில்லை. டிரஸ் ஐம்பது நாளைக்கூடத் தொடவில்லை. கன்சர்வேட்டிவ் பிரதமர்கள் விழும்போதெல்லாம் கேட்கும் '1922 குழு' அந்தக் கட்சியின் பின்வரிசை எம்.பி.க்களின் அமைப்பு.

வரலாற்றுப் பாடத்தில் வரும் 'அழுகிய தொகுதி' என்ற சொல்லுக்குச் சென்னையோடு தொடர்பு உண்டு. ஓல்ட் சாரம் என்பது குடியிருப்பே இல்லாமல் போன ஒரு மேடு. ஆனாலும் இரண்டு எம்.பி.க்களை அனுப்பியது. அதே காலத்தில் தொழில் நகரமான மான்செஸ்டருக்கு ஒரு எம்.பி.யும் இல்லை. அந்த மேடு, செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்த தாமஸ் பிட்டின் குடும்பச் சொத்து. அவருடைய பேரன் வில்லியம் பிட் 1735-ல் அங்கிருந்துதான் காமன்ஸுக்குள் வந்து, பின்னாளில் பிரதமரானார். ஆற்காட்டு நவாபுக்கு வட்டிக்குக் கொடுத்துக் கொழுத்த பால் பென்ஃபீல்ட் போன்றவர்களும் எம்.பி.யானார்கள். ஆற்காட்டுப் பகுதி விவசாயியின் வரிப்பணம் லண்டன் சபையில் ஓட்டாக மாறுவதை எட்மண்ட் பர்க் என்ற எம்.பி. 1785-ல் கடுமையாகச் சாடினார். 1832 சீர்திருத்தச் சட்டம்தான் இப்படிப்பட்ட தொகுதிகளில் பெரும்பாலானவற்றை ஒழித்தது.

அதன்பின் வாக்குரிமை படிப்படியாக விரிந்தது. 1838-ல் தொழிலாளர்களுக்கு வாக்குரிமை கேட்ட சாசன இயக்கத்தார் ஆறு கோரிக்கை வைத்தார்கள். ஆண்டுதோறும் தேர்தல் என்பதைத் தவிர ஐந்தும் பிற்காலத்தில் நிறைவேறின. ரகசிய வாக்கு 1872-ல் வந்தது. பெண்களில் முப்பது வயதைக் கடந்த, சொத்துத் தகுதி உள்ளவர்களுக்கு 1918-ல் கிடைத்தது. ஆண்களுக்குச் சமமாக 1928-ல். மூன்றே ஆண்டில், 1931-ல், பிரிட்டிஷார் ஆண்ட இலங்கையில் ஆண் பெண் இருவருக்கும் வாக்குரிமை வந்துவிட்டது.

படி 9: கட்சிகள், சில வரலாற்றுச் சொற்கள்

இதைச் சுருக்கமாகவே முடிக்கலாம். 1680 வாக்கில் கத்தோலிக்கரான ஜேம்ஸ் அரசராவதை எதிர்த்தவர்கள் விக், ஆதரித்தவர்கள் டோரி. டோரிகளின் வழியில் வந்தது கன்சர்வேட்டிவ் கட்சி. விக்குகளின் வழியில் லிபரல். 1900-ல் தொழிற்சங்கங்களும் சோசலிசவாதிகளும் சேர்ந்து தொடங்கியது தொழிற்கட்சி. 1945-ல் அட்லி தலைமையில் வென்று, 1948 ஜூலை 5 அன்று என்.எச்.எஸ். மருத்துவச் சேவையைத் தொடங்கியதும் இந்தியா, இலங்கை விடுதலைச் சட்டங்களை நிறைவேற்றியதும் அந்தக் கட்சியின் அரசுதான்.

வட அயர்லாந்தில் 'யூனியனிஸ்ட்' ஐக்கிய ராஜ்ஜியத்தில் நீடிக்க விரும்புபவர், 'நேஷனலிஸ்ட்' அயர்லாந்தோடு சேர விரும்புபவர். ஸ்காட்லாந்து நேஷனலிஸ்ட் கேட்பது தனிநாடு. 2014 வாக்கெடுப்பில் 55 சதவீதத்தினர் வேண்டாம் என்றார்கள். 'பிரெக்ஸிட்' 2016 ஜூன் 23 அன்று 52-க்கு 48 என்று தீர்மானமாகி, 2020 ஜனவரி 31 அன்று நடந்தேறியது.

படி 10: கற்றதைப் பயன்படுத்துவது

செய்தியில் வரும் இடப்பெயர்களைப் பிரித்துப் படிக்கப் பழகுங்கள். 'டவுனிங் தெரு' என்றால் பிரதமர் அலுவலகம், 'வைட்ஹால்' என்றால் அதிகாரிகள், 'வெஸ்ட்மின்ஸ்டர்' என்றால் நாடாளுமன்றம், 'ஹோலிரூட்' என்றால் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம். புதன்கிழமை நண்பகலில் அரை மணி நேரம் நடக்கும் பிரதமர் கேள்வி நேரத்தைச் சில வாரம் பாருங்கள். எதிர்க்கட்சித் தலைவருக்கு ஆறு கேள்வி. மேலே உள்ள சொற்களில் பாதி அங்கே காதில் விழும்.

அங்கே வசிப்பவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். தங்கும் அனுமதி பெற்ற காமன்வெல்த் குடிமக்கள், அதாவது இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களும், பதினெட்டு வயதானால் பிரிட்டிஷ் பொதுத்தேர்தலில் வாக்களிக்கலாம். பிரிட்டிஷ் குடியுரிமை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எத்தனையோ நம்மவர்கள் இது தெரியாமல் ஆண்டுக்கணக்கில் வாக்கை விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். வாக்காளர் பட்டியலில் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். வாக்குச்சாவடிக்குப் படத்தோடு கூடிய அடையாள அட்டை எடுத்துப் போக வேண்டும்.

விசா, வீடு, பள்ளி இடம் போன்ற சிக்கல்களுக்கு உங்கள் தொகுதி எம்.பி. நடத்தும் 'சர்ஜரி'க்குப் போகலாம். அது மக்கள் குறைகேட்கும் நேரம், நீங்கள் அவருக்கு வாக்களித்தவரா என்று கேட்கமாட்டார்கள். நாடாளுமன்றத்தின் இணையதளத்தில் மனு தொடங்கலாம்: 10,000 கையெழுத்து சேர்ந்தால் அரசு பதில் சொல்லும், 1,00,000 சேர்ந்தால் விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று பரிசீலிப்பார்கள். குடியுரிமைத் தேர்வு எழுதுபவர்களுக்கு 24 கேள்வி, 45 நிமிடம், 18 சரியாக இருக்க வேண்டும். வரலாற்று ஆண்டுகளும் படி 1-ல் உள்ள நாட்டுப் பெயர் வேறுபாடுகளும் அதில் கேட்கப்படும் பகுதிகள், அவற்றை இன்னொரு முறை பார்த்துவிட்டுப் போங்கள்.